கம்பு இல்லாத காலத்துக் காலடி

மலர்க் குழு நண்பர்கள் "நீயும் ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். பாலங்களைப் பற்றியும் பம்புகளைப் பற்றியும் எழுத நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் சென்ற சந்திப்பில் நடந்த ஒரு பேச்சு மனதில் முள்ளாக நின்றுவிட்டது. என் மகள் சிலம்பம் பழகும் படத்தைச் செல்போனில் காட்டிக்கொண்டிருந்தேன். பார்த்த நண்பன் ஒருவன் (பெயரைக் கடைசியிலும் சொல்லப் போவதில்லை!) சிரித்துக்கொண்டே கேட்டான்: "எதிர்ல ஆளே இல்ல. காத்துல கம்பு சுத்துறா. இதனால என்னடா பிரயோசனம்? நாலு பேர் வந்தா இதை வச்சு என்ன பண்ண முடியும்?"

நியாயமான கேள்விதான். சின்ன வயதில் நானே என் வாத்தியாரிடம் கேட்ட கேள்வி அது. அவருக்குப் பதில் சொல்லும் பழக்கம் கிடையாது. ஆகவே பதிலை நானே தேட வேண்டியதாயிற்று. தேடப் போனால் அது எங்கள் மண்ணின் இருநூறு வருடக் கதையாக நீண்டுவிட்டது. நான் வரலாறு படித்தவன் அல்ல. குற்றம் குறை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அருப்புக்கோட்டையைத் தறிச் சத்தத்தாலும் மல்லிகைப் பூவாலும் அறிவீர்கள். திருச்சுழியை ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் என்று உலகமே அறியும். இரண்டுக்கும் நடுவிலும் சுற்றிலும் கிடப்பது கரிசலும் சீமைக் கருவேலமும் கரிமூட்டப் புகையும்தான். குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும். எங்கள் ஊர்க் கண்மாய் வருஷத்தில் நாலு மாதம் கண்மாய், எட்டு மாதம் மைதானம். அந்த மைதானத்தில்தான் எங்கள் சிலம்பக் கூடம். கூடம் என்றால் கூரை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சாம்பலால் போட்ட கோடுகளும் ஒரு வேப்பமரமும்தான்!

பத்து வயதில் போய்ச் சேர்ந்தேன். ஒரு வருஷம் முழுக்க வாத்தியார் கம்பைக் கையில் தரவேயில்லை. காலடி, காலடி, காலடி. முன்னடி வைத்து, பின்னடி வாங்கி, பக்கத்தில் நகர்ந்து, திரும்பி, மறுபடி முதல் கோட்டுக்கே வந்து நிற்க வேண்டும். சாம்பல் கோட்டை மிதித்துவிட்டால் ஆரம்பத்திலிருந்து. கூடப் பழகியவர்களில் பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு மட்டும் அவர் காரணம் சொல்லுவார்: "தறி மிதிக்கையில கால் தப்பினா துணிதான் கெடும். இங்க தப்பினா மண்டை போகும்." எங்களுக்கு அதுகூடக் கிடையாது. பிறகு கம்பு வந்தது. அப்போதும் எதிராளி வரவில்லை. சலாம் வரிசை, ஒவ்வொரு சுவடாக வீச்சு, வாரல் என்று ஆளில்லாத இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தோம். எங்களுக்கோ சண்டை போட ஆசை. "வாத்தியாரய்யா, எப்ப தொடுமுறை?" என்று கேட்டால், "அது கெடக்கு, வரிசையைப் போடு" என்பதோடு சரி.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். சிலம்பம் ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று மேடையில் முழங்குவார்கள். நான் அவ்வளவு தூரம் போகாமல், காகிதத்தில் பதிவு இருக்கிற இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி தாண்டித் தெற்கே போனால் எட்டயபுரம், அதற்கும் அப்பால் பாஞ்சாலங்குறிச்சி. திருச்சுழியிலிருந்து கிழக்கே போனால் கமுதி, முதுகுளத்தூர். இந்தப் பகுதி முழுவதும் 1799 முதல் 1801 வரை கொந்தளித்துக் கிடந்தது. 1799 ஏப்ரலில் மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதிப் பக்கத்து மக்கள் கும்பினியாரின் கச்சேரிகளையும் கிடங்குகளையும் தாக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில். மயிலப்பனும் 1802-ல் தூக்குக்குத் தப்பவில்லை.

அந்தச் சண்டைகளில் கும்பினிப் படையில் இருந்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி. 1830-ல் லண்டனில் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு சங்கதி சொல்கிறார். 1795-ல், சண்டை மூளுவதற்கு முன்பு, அவரும் சின்ன மருதுவும் நண்பர்கள். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதன்முதலில் கற்றுக் கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று எழுதுகிறார். கற்றுக் கொடுத்தவரையே ஆறு வருடம் கழித்து வேட்டையாடும் படையில் போக வேண்டியிருந்தது அந்த மாணவருக்கு! அவர் எழுத்தில் அந்த வருத்தம் தெரிகிறது.

போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பர் 1-ல், சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்கள் கோட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். கோட்டைகள் இடிக்கப்பட்டன. பின்னால் 1878-ல் ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. துப்பாக்கி மட்டுமல்ல, வாள், ஈட்டி, வில் அம்பு வரை எல்லாவற்றுக்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு நீண்டது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்பார்கள். அந்தச் சட்டத்துக்குள் அகப்பட்ட ஊர்களில் ஆண்கள் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ராத்திரி போலீஸ் கணக்கெடுப்புக்கு ஆஜராக வேண்டும். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. அப்படிப்பட்ட ஊர்களில் அந்தி மயங்கிய நேரத்தில் பத்து வாலிபர்கள் ஊருக்கு வெளியே கூடினால் அது எப்படிப் பார்க்கப்பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கேள்வி இதுதான். இத்தனைக்கும் பிறகு வளரி என்ன ஆயிற்று? சிலம்பம் என்ன ஆயிற்று?

சின்ன மருது வீசிய வளரியைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று நாம் பெரும்பாலும் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதியபோதே, கள்ளர் திருமணங்களில் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் குறிக்கிறார். போர்க்களத்து ஆயுதம் கல்யாணச் சீராக ஒதுங்கிவிட்டது! பொருள் மிஞ்சியது, வீசும் கை மிஞ்சவில்லை. இப்போது சில இளைஞர்கள் ஆர்வத்தோடு அதை மீண்டும் வீசிப் பழகுகிறார்கள், வாழ்த்துவோம். ஆனால் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற வேலைதான் அது.

சிலம்பமோ அறுபடவில்லை. கம்பு சட்டத்தின் பட்டியலில் இல்லை என்பது ஒரு காரணம். ஆடு மேய்ப்பவன் கையிலும் தோட்டக் காவல்காரன் கையிலும் இருப்பதை யார் பறிமுதல் செய்ய முடியும்? ஆனால் கம்பு கையில் இருந்ததாலேயே கலை பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. கம்பு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் சிலம்பக்காரரா என்ன? இங்கேதான் வரிசை வருகிறது. சிலம்பத்தின் உயிர் காலடியில் இருக்கிறது. அந்தக் காலடியை ஆயுதம் இல்லாமலும், எதிரி இல்லாமலும், திருவிழாவில் சாமி முன்னால் மேளத்துக்கு ஆடுகிற ஆட்டமாகவும் போட முடியும். பார்க்கிற அதிகாரிக்கு அது கூத்து. ஆடுகிறவனுக்கு அது பாடம். வளரிக்கு அப்படி ஒரு ஆட்டம் அமையவில்லை. அதை வீசினால்தான் பாடம்; வீச முடியாத காலத்தில் பாடமும் இல்லை. இது என் கணிப்புதான். ஆனால் இருநூறு வருடக் கணக்கை வேறு எப்படிக் கூட்டினாலும் எனக்கு விடை இதுவாகத்தான் வருகிறது.

இதே வரிசையைத்தான் ரப்பர் தோட்டத்துக்குப் போன தமிழர்கள் மலேயாவுக்கும் கொண்டு போனார்கள். கப்பலில் கனத்த பெட்டி வேண்டியதில்லை, கால் இரண்டு போதும். இன்றும் மலேசியாவில் சிலம்பம் உயிரோடு இருக்கிறது. நம் ஊரிலோ எம்.ஜி.ஆர். அதைத் திரைக்குக் கொண்டு போனார். 'பெரிய இடத்துப் பெண்' (1963) படத்தின் சிலம்பச் சண்டையைப் பார்த்துவிட்டுக் கம்பு தேடிப் போன தலைமுறை ஒன்று உண்டு. என் வாத்தியாரும் அந்தத் தலைமுறைதான்.

இது நமக்கு மட்டும் உரிய அதிசயமும் அல்ல. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் வளர்ந்த கராத்தேயில் வரிசைக்குக் 'கட்டா' என்று பெயர். 1922-ல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டிய கிச்சின் ஃபுனாகோஷி தம் இளமையைப் பற்றி எழுதியிருக்கிறார். இரவு நேரத்தில் ஆசிரியர் வீட்டு முற்றத்தில் ஒரே கட்டாவை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆசிரியர் திருப்தி அடையாமல் அடுத்ததுக்கு நகர முடியாது. படித்தபோது எங்கள் கண்மாயும் சாம்பல் கோடும்தான் நினைவுக்கு வந்தன. 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, கட்டாவை இலக்கணம் என்றும் எதிராளியோடு பழகுவதைக் கட்டுரை எழுதுவது என்றும் ஒப்பிட்டார்.

எதிர்க்கட்சியும் உண்டு. புரூஸ் லீ இந்த மரபு வரிசைகளைக் கடுமையாகவே கிண்டல் செய்தார். தண்ணீரில் இறங்காமல் தரையிலேயே நீச்சல் பழகுவது போல என்றார். மறுக்க முடியாத பேச்சு. வரிசை மட்டுமே போட்டவன் முதல் அடியிலேயே திகைத்துப் போவான். அது எனக்கே நடந்திருக்கிறது. ஆனால் நாங்கள் வறண்ட காட்டுக்காரர்கள். கண்மாய் நிறைகிற வருஷத்துக்காகக் காத்திருந்தால் நீச்சலே மறந்து போகும்! தண்ணீர் இல்லாத வருஷங்களில் நீச்சலைக் காப்பாற்றி வைக்க வழி என்ன என்பதுதான் எங்கள் கேள்வி. ஆயுதம் பறிபோன மண்ணின் கேள்வியும் அதுதானே?

நம் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்களேன். முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, அரத்தால் ராவு ராவு என்று ராவச் சொன்னார்கள். "மெஷின் இருக்கும்போது எதுக்கு சார் கையால?" என்று கேட்காதவர் நம்மில் யார்? அந்தத் துண்டு எந்த இயந்திரத்திலும் பொருந்தப் போவதில்லை. ஆனால் இன்று ஒரு தளத்தைத் தடவிப் பார்த்தே மேடு பள்ளம் சொல்லுகிறோமே, அந்தக் கை எங்கிருந்து வந்தது?

சரி, வாத்தியார் ஏன் எங்களுக்கு ஒரு வருஷம் கம்பு தரவில்லை? காரணத்தைப் பல வருஷம் கழித்து ஒரு மூத்த மாணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1990-களின் நடுவில் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரங்கள் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சூட்டில், பக்கத்தில் எங்கோ நடந்த ஒரு கைகலப்பில், வாத்தியாரிடம் பழகிய இரண்டு பேர் எதிரெதிராக நின்றிருக்கிறார்கள். இரண்டு பேர் கையிலும் அவர் சீவிக் கொடுத்த கம்பு. ஒருவனுக்கு மண்டை உடைந்தது. பிழைத்துக்கொண்டான். வாத்தியார் மறுநாள் எல்லாக் கம்புகளையும் வாங்கிப் பரணில் போட்டுவிட்டார். கூடத்தை மூடவில்லை. "கம்பு வேண்டாம், காலடி மட்டும் போடுங்க" என்றாராம். இரண்டு தெருப் பிள்ளைகளையும் ஒரே கோட்டில் நிறுத்தினாராம். வர மாட்டேன் என்றவர்களை அவர் கூப்பிடவில்லை. கம்பில்லாத கூடம் இரண்டு வருஷம் நடந்திருக்கிறது. நான் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆனாலும் புதிதாக வருகிறவனுக்கு ஒரு வருஷம் வெறுங்கை என்ற விதி நிலைத்துவிட்டது.

1801-ல் கவர்னர் பறித்தார். இங்கே வாத்தியாரே தன் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொண்டார். இரண்டு தடவையும் கலையைத் தாங்கி நின்றது காலடி.

கடைசியாக, இதுவரை யாரிடமும் உள்ளபடி சொல்லாத ஒரு விஷயம். எங்கள் வரிசையில் ஓர் இடம் உண்டு. இடக்கால் முன்வைத்து, தலைக்கு மேலிருந்து கம்பை முழு வேகத்தில் இறக்கி, எதிராளியின் காதுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தி, அப்படியே மடக்கிக் கக்கத்தில் வாங்க வேண்டும். சின்ன வயதில் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்தேன். "அடிக்கிற இடத்துல ஏன் வாத்தியாரய்யா நிறுத்தணும்?" என்று கேட்டதற்கு மட்டும் அவர் பதில் சொன்னார்: "அடிக்க எவனுக்கும் தெரியும்டா. நிறுத்துறதுக்குத்தான் பழகணும்."

இரண்டாம் ஆண்டு, விடுதி விழா முடிந்த இரவு. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிற காரணம். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையாகி, ஒருவன் என் வாயில் குத்திவிட்டான். உதடு கிழிந்து ரத்தம். நான் அறைக்குள் ஓடிக் கொசுவலை மாட்டுகிற மூங்கில் கம்பை உருவிக்கொண்டு வந்தேன். அவன் யாரிடமோ பேசியபடி திரும்பி நின்றான். முழு வேகத்தில் இறக்கினேன். கம்பு அவன் காதுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கக்கத்துக்குள் மடங்கியது. வராந்தாவே உறைந்து போய் நின்றது. "டேய், நிஜமாவே அடிக்கப் போனியா?" என்று கேட்டான். "சும்மா பயமுறுத்தினேன் மாப்ள" என்றேன்.

அது பொய். நான் அடிக்கத்தான் போனேன். என் மனம் நிறுத்தவில்லை. ஆயிரம் தடவை வெறும் காற்றில் நிறுத்திப் பழகிய கை, தானாக நின்றது. என்னைக் கேட்கவேயில்லை. நின்றிருக்காவிட்டால் அவன் எங்கே, நான் எங்கே என்று இன்றைக்கும் சில இரவுகளில் யோசிப்பதுண்டு. எதிராளியோடு மட்டுமே பழகியிருந்தால் அடிக்கத்தான் கற்றிருப்பேன். தொட்டால்தானே அங்கே கணக்கு? அந்த ஒரு சாண் இடைவெளி வரிசையில்தான் இருக்கிறது.

இன்று சிலம்பத்துக்கு நல்ல காலம் என்று சொல்ல வேண்டும். 2021-ல் தமிழக அரசு விளையாட்டு வீரர்களுக்கான மூன்று சதவீத வேலை ஒதுக்கீட்டில் அதையும் சேர்த்தது. ஊருக்கு ஊர் பயிற்சி, போட்டி, பதக்கம். மகிழ்ச்சியே. ஆனால் பதக்கத்துக்கு எது தேவையோ அது மட்டும் வளரும், மீதி உதிர்ந்துவிடும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. கைதட்டலுக்காகக் கம்பை வேகமாகச் சுற்றினால் அந்த ஒரு சாண் நிறுத்தத்துக்கு நேரம் ஏது?

வாத்தியாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்தபடி, தப்புக் காலடி வைத்தால் இடக் காலால் தரையைத் தட்டுவார். மாதம் ஒரு முறை மகளோடு போகிறேன். நமக்குத் தெரிந்த வித்தை என்று, காலடிகளை எல்லாம் டிராயிங் ஷீட்டில் அளவோடு வரைந்து கொண்டு போய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு குழறலாகச் சொன்னார்: "கால் இருக்கு. ஆள் எங்க?" அன்றிலிருந்து வரைவதைக் குறைத்துக்கொண்டு நானும் மகளோடு கோட்டில் நிற்கிறேன்.

பிரயோசனம் என்ன என்று கேட்ட என் நண்பா, இந்த மலரை நீயும் புரட்டிக்கொண்டிருப்பாய். அன்று அந்த வராந்தாவில் திரும்பி நின்றவன் நீதான். உன் காதுக்கும் என் கம்புக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண்தான் என் பதில். பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு. சந்திப்புக்கு வரும்போது நேரில் இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.